வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கா? ரீசெட் பொத்தானைத் தொடும் முன் இதைப் படியுங்கள்

கீழ் கோத்தகிரி பகுதி விவசாயிகளுக்கு வீட்டில் உள்ள வைஃபை இப்போது மண்வெட்டி, கவாத்துக் கத்தி போல ஒரு வேலைக் கருவியாகிவிட்டது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலை, மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட், உருளை விலை, உழவன் செயலியில் மானிய விவரம், பி.எம். கிசான் கே.ஒய்.சி. பதிவு, தொழிற்சாலையிலிருந்து வங்கிக் கணக்குக்கு வந்த பணம் என எல்லாவற்றையும் செல்போனில்தான் பார்க்கிறோம். பள்ளத்தாக்கில் உள்ள பல வீடுகளில் செல்போன் டவர் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. அங்கெல்லாம் ஃபைபர் இணைப்பு நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

இணைப்பு நின்றதும் பலரும் பெட்டியின் பின்புறம் உள்ள சிறு துளையில் ஊக்கை விட்டு ரீசெட் செய்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய பிரச்சினை, கோத்தகிரியிலிருந்து ஊழியர் வரும் வரை பல நாள் காத்திருக்கும் பிரச்சினையாக மாறுவது இதனால்தான்.

பெட்டியின் முகப்பில் எரியும் சிறு விளக்குகளைப் பார்த்தாலே பழுது எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பழுது உங்கள் வீட்டுக்குள்ளா, வெளியே செல்லும் கேபிளிலா, சேவை நிறுவனத்தின் கணக்கிலா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இங்கே பார்க்கலாம்.

முதலில், இணைப்பு எப்படி வருகிறது?

மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் அளித்த கிராம ஃபைபர் திட்டம்தான் இன்று பாரத்நெட் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் அதன் இரண்டாம் கட்டத்தை டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு எடுத்துச் செல்கிறது. இதில் கேபிளின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் செல்லாமல் மின்கம்பங்கள் வழியாகவே செல்கிறது. பி.எஸ்.என்.எல். ஆனாலும் தனியார் இணைப்பு ஆனாலும், மலையில் உங்கள் வீட்டுக்கு வரும் கடைசி நீளம் பெரும்பாலும் கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்கியபடிதான் வருகிறது. காற்றில் சில்வர் ஓக் கிளை ஒடிந்து விழுந்தாலும், குரங்கு தொங்கினாலும், எலி கடித்தாலும் முதலில் அடிபடுவது இந்தக் கேபிள்தான்.

கேபிளுக்குள் முடி போன்ற ஒரு கண்ணாடி இழை இருக்கிறது. அதில் செல்வது மின்சாரம் கிடையாது, ஒளி. அந்த ஒளி சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் மோடத்துக்கு வருகிறது. மோடம் அதை இணையமாக மாற்றி வைஃபையாகப் பரப்புகிறது. பெரிய வீடு, பக்கத்து வீடு, கிடங்கு ஆகியவற்றுக்கும் சிக்னல் வேண்டும் என்றால் ஆக்சஸ் பாயின்ட் என்ற இன்னொரு சிறு பெட்டியையும் சேர்ப்பார்கள்.

ஒளி வருவது, மோடம் நிறுவனத்துடன் சேர்வது, கணக்கு திறப்பது, வைஃபை பரவுவது என்பதே வரிசை. விளக்குகளும் ஏறக்குறைய இந்த வரிசையைத்தான் காட்டுகின்றன.

மோடத்தில் உள்ள விளக்குகள்

விளக்குகளின் பெயர் பெட்டியில் ஆங்கில எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளை ஒரு முறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசை மாறலாம். பொருள் பெரும்பாலும் இதுதான்:

- பவர்: மின்சாரம் வருகிறது. நிலையான பச்சையாக இருக்க வேண்டும்.
- பான் (பி, ஓ, என் என்ற மூன்று எழுத்து): மோடம் நிறுவனத்தின் கருவியுடன் சேர்ந்துவிட்டது. நிலையான பச்சை நல்லது. மின்னிக்கொண்டே இருந்தால் சேர முயல்கிறது, இன்னும் சேரவில்லை.
- லாஸ் (எல், ஓ, எஸ் என்ற மூன்று எழுத்து): இந்த விளக்கு எரியாமல் இருப்பதே நல்லது. சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை அல்லது மிகக் குறைவாக வருகிறது.
- இன்டர்நெட்: கணக்கு திறந்து இணையம் கிடைத்துவிட்டது. பச்சை நல்லது. சிவப்பாக இருந்தாலோ அணைந்திருந்தாலோ கணக்கு திறக்கவில்லை.
- லேன் 1, 2, 3, 4: அந்தத் துளையில் ஒயர் மூலம் ஏதாவது ஒரு கருவி இணைந்திருந்தால் மட்டும் எரியும். எதையும் இணைக்காதவர்கள் இது எரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.
- வைஃபை அல்லது டபிள்யூலேன்: வைஃபை வேலை செய்கிறது. சில பெட்டிகளில் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு விளக்குகள் இருக்கும்.

எதையும் அணைக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள்

இணைப்பு நின்றதும் சுவிட்சை அணைத்துப் போடுவது எல்லோருக்கும் பழக்கம். அதற்கு முன் விளக்குகளைச் செல்போனில் ஒரு போட்டோவும், பத்து விநாடி வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். எது மின்னுகிறது, எது நிலையாக எரிகிறது என்பது வீடியோவில்தான் தெரியும். பெட்டியை அணைத்துப் போட்ட பிறகு முதலில் இருந்த அறிகுறி மறைந்துவிடலாம். ஊழியர் கேட்கும் முதல் கேள்வி "எந்த விளக்கு எரியுது?" என்பதுதான்.

அதன் பிறகு ஒரே ஒரு முறை பவரை அணைத்து, 30 விநாடி பொறுத்து, மீண்டும் போடுங்கள். மோடம் முழுதாக எழுந்து வர 3 முதல் 5 நிமிடம் ஆகும். அதுவரை தொடாதீர்கள். விளக்குகள் இடையில் நிறம் மாறுவது இயல்பு.

1. எந்த விளக்கும் எரியவில்லை

பழுது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வேறு ஒரு பிளக் பாயின்டில் செல்போன் சார்ஜரைப் போட்டு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். மோடத்தின் பின்னால் உள்ள ஆன் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டைப் பெருக்கும்போது கை பட்டு அணைவது அடிக்கடி நடக்கும்.

இரண்டும் சரி என்றால் அடாப்டர் போயிருக்கலாம். மலைப் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் மோடத்தைவிட அடாப்டரே முதலில் போகும். புதிது வாங்கும்போது பழைய அடாப்டரைக் கையோடு கடைக்குக் கொண்டு செல்லுங்கள். அதில் அச்சிட்ட வோல்ட் அளவு அப்படியே பொருந்த வேண்டும். பெரும்பாலான மோடங்களுக்கு 12 வோல்ட். ஆம்பியர் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் குறி படமும் ஒன்றாக இருக்க வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காக டிவி செட்டாப் பாக்ஸ் அடாப்டரை எடுத்துச் செருகினால் நல்ல மோடமும் எரிந்துபோகலாம்.

2. லாஸ் சிவப்பாக மின்னுகிறது

ஒளி வரவில்லை என்று பொருள். ரீசார்ஜ் செய்தாலும், மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இது மாறாது. நீங்கள் பார்க்கக்கூடியவை மூன்று:

- மோடத்தின் அடியிலோ பின்னாலோ மெல்லிய கேபிள் ஒன்று சிறு பிளாஸ்டிக் முனையுடன் செருகியிருக்கும். முனை பெரும்பாலும் பச்சை அல்லது நீல நிறம். அது தளர்ந்திருந்தால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். 'டக்' என்று உட்கார வேண்டும். அதைக் கழற்றித் துடைக்க வேண்டாம். விரல் ரேகையும் புகைக்கரியும் பட்டாலே ஒளி குறையும்.
- கேபிள் எங்காவது மடங்கி, பீரோவுக்குப் பின்னால் நசுங்கி, கதவில் சிக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி இழையை ஒயர் போல மடித்துக் கட்டக் கூடாது. சுருட்டி வைத்தால் வளையம் உள்ளங்கை அகலத்துக்காவது இருக்கட்டும். மடிப்பை நிமிர்த்திவிட்டாலே சில நேரம் சிவப்பு அணைந்துவிடும்.
- ஒரே கம்பத்திலிருந்து இணைப்பு பெற்ற பக்கத்து வீட்டிலும் சிவப்பா என்று கேளுங்கள். அங்கும் சிவப்பு என்றால் பொதுக் கேபிள் அறுந்திருக்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் கம்பத்திலிருந்து உங்கள் வீடு வரையிலான கேபிளில் பழுது இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு தவறுகள்: காற்று மழைக்குப் பிறகு கேபிள் மீது கிளை விழுந்து கிடந்தால் அதை இழுக்காதீர்கள். இணையக் கேபிளில் மின்சாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதே கம்பத்தில் மின்கம்பியும் செல்கிறது. அறுந்து விழுந்த ஒயர்களில் எது எது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. முதலில் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். இணையம் அதற்குப் பிறகு. மாடு, ஆடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இரண்டாவது, அறுந்த ஃபைபரின் முனையை ஒளி வருகிறதா என்று கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் செல்லும் லேசர் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. உடைந்த கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறினால் எடுப்பதும் கடினம். பிள்ளைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. லாஸ் அணைந்திருக்கிறது, பான் மின்னிக்கொண்டே இருக்கிறது

ஒளி வருகிறது, ஆனால் மோடம் நிறுவனத்தின் கருவியுடன் சேரவில்லை. ஒரு முறை அணைத்துப் போட்டு 5 நிமிடம் பாருங்கள். அப்போதும் மின்னினால் புகார் கொடுங்கள். ஒளி பலவீனமாக இருக்கலாம் அல்லது நிறுவனத்தின் பக்கம் உங்கள் மோடத்தின் பதிவில் சிக்கல் இருக்கலாம். இரண்டும் உங்கள் கையில் இல்லை.

4. பான் பச்சை, இன்டர்நெட் சிவப்பு அல்லது அணைந்திருக்கிறது

கேபிள் நன்றாக இருக்கிறது. கணக்குதான் திறக்கவில்லை. முதலில் மாதக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று பாருங்கள். கட்டிய பிறகும் வரவில்லை என்றால் மோடத்தை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். அதன் பிறகும் வராவிட்டால், "பான் பச்சையாக இருக்கிறது, இன்டர்நெட் விளக்கு வரவில்லை" என்று புகாரில் இதே சொற்களில் சொல்லுங்கள். பல நேரங்களில் ஊழியர் நேரில் வராமலே அலுவலகத்திலிருந்து சரிசெய்துவிட முடியும்.

ரீசெட் பொத்தானை அழுத்தியவர்கள் வந்து சேர்வதும் இந்த நிலைக்குத்தான். மோடத்துக்குள் உங்கள் கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பதிந்திருக்கும். ரீசெட் செய்தால் அது அழிந்துபோகலாம். பிறகு எல்லா விளக்கும் எரியும், இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாது. இணைப்பு கொடுத்த அன்றே அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு, பட்டா பாஸ்புத்தகம் வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

5. எல்லாம் பச்சை, ஆனால் போனில் எதுவும் திறக்கவில்லை

மோடத்தின் அருகில் நின்று பாருங்கள். அங்கே வேலை செய்தால் பழுது தூரம்தான். கல் சுவரும், மழையில் நனைந்த மரம் செடிகளும் வைஃபை சிக்னலை நன்றாகக் குறைக்கும். போனில் ஒரே வீட்டுக்கு இரண்டு வைஃபை பெயர் தெரிந்தால், தூரத்தில் இருக்கும்போது 2.4 என்பதைத் தேர்வு செய்யுங்கள். 5 என்பது வேகம் கூடியது, ஆனால் எட்டும் தூரம் குறைவு.

அருகில் நின்றும் வரவில்லை என்றால் இன்னொரு போனில் பாருங்கள். அதில் வந்தால் பழுது உங்கள் போனில் இருக்கிறது. அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று கொடுத்து, கடவுச்சொல் போட்டு மீண்டும் இணையுங்கள். வைஃபை விளக்கே அணைந்திருந்தால், பெட்டியின் பக்கவாட்டில் உள்ள வைஃபை பொத்தானை யாரோ அழுத்தியிருக்கலாம். அதே பொத்தானை மீண்டும் அழுத்தினால் வந்துவிடும்.

ஆக்சஸ் பாயின்ட் வைத்திருப்பவர்களுக்கு

இதில் பெரும்பாலும் ஒரே ஒரு விளக்குதான் இருக்கும். நிறத்தின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். யூனிஃபை வகையில் நிலையான நீலம் என்றால் நன்றாக வேலை செய்கிறது. நிலையான வெள்ளை என்றால் இன்னும் அமைப்பு செய்யப்படவில்லை. டீகோ வகையிலோ நீலம் என்றால் அமைப்பு நடந்துகொண்டிருக்கிறது, பச்சைதான் நல்ல நிலை. எனவே பக்கத்து வீட்டுப் பெட்டியைப் பார்த்து உங்கள் பெட்டிக்கு முடிவு சொல்லாதீர்கள்.

ஆக்சஸ் பாயின்ட் அடங்கிவிட்டால் முதலில் மோடத்தைப் பாருங்கள். அங்கே லாஸ் சிவப்பு என்றால் ஆக்சஸ் பாயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மோடம் நன்றாக இருந்தால், ஆக்சஸ் பாயின்டுக்குச் செல்லும் லேன் விளக்கு மோடத்தில் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் இடையில் உள்ள ஒயர் அல்லது அதன் முனை போயிருக்கிறது.

சில ஆக்சஸ் பாயின்டுகளுக்கு மின்சாரமும் அதே இணைய ஒயரிலேயே செல்லும். இடையில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு துளைகள். பி.ஓ.இ. என்று எழுதியதிலிருந்து வரும் ஒயர் ஆக்சஸ் பாயின்டுக்கும், லேன் என்று எழுதியதிலிருந்து வரும் ஒயர் மோடத்துக்கும் போக வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு இதை மாற்றிச் செருகிவிட்டு, பெட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

இந்த ஒயர் 100 மீட்டர் வரைதான் சரியாக வேலை செய்யும். கிடங்கு அதற்கு மேல் தூரம் என்றால் ஒயரை ஒட்டிப் போட்டு நீட்ட வேண்டாம். ஃபைபர் கேபிளோ, கட்டடத்துக்குக் கட்டடம் சிக்னல் அனுப்பும் வயர்லெஸ் கருவியோ போடச் சொல்லுங்கள். வெட்டவெளியில் செல்லும் செம்பு ஒயர் மின்னலை வீட்டுக்குள் அழைத்து வரும் வழியாகவும் ஆகிவிடும்.

இடி மின்னல் நேரத்தில்

கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மாத வடகிழக்குப் பருவமழைதான் அதிகம் சோதிக்கும். சித்திரை, வைகாசியில் கோடை இடியும் உண்டு. இடிச் சத்தம் கேட்கத் தொடங்கும் முன்பே மோடம், ஆக்சஸ் பாயின்ட் இரண்டின் பிளக்கையும் பாயின்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மின்னல் எச்சரிக்கைக்குத் தாமினி செயலி உதவும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது இது. இடி தலைக்கு மேல் வந்துவிட்ட பிறகு பிளக்கைத் தொடப் போகாதீர்கள். பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

மின்வெட்டு அதிகம் உள்ள வீடுகளில் மோடத்துக்கு மட்டும் சிறிய யு.பி.எஸ். வைக்கலாம். வோல்ட் அளவு மோடத்துடன் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புகார் கொடுக்கும்போது

"நெட் வரலை" என்று மட்டும் சொன்னால் வேலை தாமதமாகும். இவற்றைச் சொல்லுங்கள்:

- உங்கள் கணக்கு எண்
- எந்த நாள், எந்த நேரத்திலிருந்து இணைப்பு இல்லை
- லாஸ், பான், இன்டர்நெட் மூன்றும் எப்படி இருக்கின்றன
- பக்கத்து வீட்டிலும் இதே நிலையா
- கிளை விழுந்த இடம் அல்லது கேபிள் தொங்கும் இடம் தெரிந்தால் அடையாளம்

புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்று சும்மா இருக்க வேண்டாம். உங்கள் கணக்கில் புகார் பதிவாகியிருந்தால்தான் பிறகு கேட்க முடியும். புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் முறையிட, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ம் ஆண்டு விதிகள் வழி செய்கின்றன. அப்போது அந்தப் புகார் எண்தான் உங்கள் ஆதாரம்.

ஊழியர் வந்து சரிசெய்துவிட்டுக் கிளம்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒளி எவ்வளவு வருகிறது?" அவரிடம் உள்ள மீட்டர் மைனஸ் எண் ஒன்றைக் காட்டும். பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை இருந்தால் மோடம் வேலை செய்யும். மைனஸ் 20 என்றால் கவலையில்லை. மைனஸ் 26 என்றால் இன்று வேலை செய்தாலும் விளிம்பில் இருக்கிறது, அடுத்த பெருமழையில் மீண்டும் சிவப்பு வரலாம். அப்படியானால் முனையையோ இணைப்பையோ அன்றே மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் மோடத்தின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

இணைப்பு நன்றாக இருக்கும் இன்றைக்கே விளக்குகளை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எது பச்சை, எது அணைந்திருக்கிறது என்பதே உங்கள் பெட்டியின் நல்ல நிலை. பழுது வரும் நாளில் அந்தப் போட்டோவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருக்கும் விளக்கு எது என்று தெரிந்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். ரீசெட் துளையின் மீது ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.